முழந்தாள்கல்

கோயில் முகப்பின் இரண்டு சரிவும் வந்து முடிகிற இடத்தில், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக இரண்டு பெரிய கற்கள் இருக்கும். பாதி சுவருக்குள், பாதி வெளியே. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பாதியில் ஒரு மூக்கு. உச்சிக் குருசு வரைக்கும் சரிவின் மேல் அடுக்குகிற மூடுகற்கள் எல்லாம் அந்த மூக்கில்தான் காலை ஊன்றி நிற்கும். கீழே நின்று பார்க்கிறவர்களுக்கு அது அலங்காரம். சாரத்தில் நிற்கிறவனுக்கு அது, மேலே உள்ள பாரம் முழுவதையும் வாங்கிக்கொண்டு முழந்தாளில் நிற்கிற ஒரு ஆள். ஜஸ்ரின் அதை முழந்தாள்கல் என்பான். அவன் சொல்லிச் சொல்லி வேலைக்கு நின்ற எல்லோரும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

மயிலிட்டித் துறைக்குக் கிழக்கே, ஆமி விட்டுப்போன காணிக்குள் கிடந்த சவேரியார் கோயில் அது. சனம் திரும்பி வந்தபோது கூரை இல்லை. முகப்பு நெஞ்சளவுக்கு மேல் இல்லை. பீடம் இருந்த இடத்தில் யாரோ அடுப்பு மூட்டிச் சமைத்த கரி. சில வருசம் தகரக் கொட்டிலுக்குள் பூசை நடந்தது. பிறகு வெளிநாட்டுக் காசு வந்தது. பீடத்தைத் தன் செலவில் ஒரு குடும்பம் எடுத்தது, பீடத்துக்கு முன்னால் வருகிற கிராதியை ஒரு குடும்பம், ஞானஸ்நானத் தொட்டியை ஒரு குடும்பம். சனம் இருக்கிற வாங்குகளையும், வாங்குக்கு வாங்கு முன்னால் முழந்தாளிடுகிற பலகைகளையும், கோயில் காரியம் பார்க்கிற மூப்பர் கொலின்ஸின் மகள் எடுத்தாள். சனத்தின் முழந்தாள் நோகக்கூடாது என்று பலகைகளுக்கு மேல் பஞ்சு வைத்துச் சிவப்பு றெக்சின் அடித்து வந்து இறங்கியது. முகப்பை எடுத்தவர் ரொறன்ரோவில் இருக்கிற கொலின்ஸின் தமையன். எடுத்தவர்களின் பெயர் எடுத்த சாமானில் இருக்க வேண்டும். அதில் ஒருவருக்கும் கூச்சம் இல்லை.

கூச்சத்தை ஊர் ஜஸ்ரினுக்குத்தான் வைத்திருந்தது. ஊர் இடம்பெயர்ந்து கிடந்த முகாமில் பிறந்து, கல்லுடைத்து, மேசன் வேலை பழகி வந்தவன். இந்தக் கோயிலின் முகப்பில் ஏறலாம், உச்சியில் குருசு வைக்கலாம், ஞாயிற்றுக்கிழமை வாசல்படி தாண்டக் கூடாது. கோயிலில் கைப்பிடிக்காமல், பதிவு மட்டும் செய்துகொண்டு ஒரு சைவப் பெட்டையோடு இருக்கிறான் என்பது குற்றம். வேலைக்கு நின்றவர்கள் அவனுக்கு வெளிவாசல் என்று பட்டம் வைத்திருந்தார்கள். "வெளிவாசல், அந்தச் சாந்தை மேலை அனுப்பு" என்பார்கள். அவனும் அனுப்புவான்.

அந்தப் பெட்டை நிவேதனா. மயிலிட்டியில் கடற்தொழில் செய்கிற கந்தப்புவின் மகள். அவள் இவனோடு வந்த கிழமை, செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டியை உயிரோடு இருக்கிற மகளுக்குச் செய்து முடித்துவிட்டுத்தான் கந்தப்பு கடலுக்குப் போனார். இப்போது அவள் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் தரம் பிரிக்கிறாள். வாய் கொஞ்சம் காரம்.

முதல் பிள்ளை ஆண். பிறந்த கிழமையே போய்விட்டது. தாய் தகப்பன் கோயிலிலை கைப்பிடிக்கேல்லை, பிள்ளை ஞானஸ்நானத் தண்ணி வாங்கேல்லை, சேமக்காலைக்குள் புதைக்க இடமில்லை என்று மூப்பர் சொல்லிவிட்டார். சேமக்காலை மதிலுக்கு வெளியே, ஆடு கட்டுகிற பக்கத்தில், ஜஸ்ரினே குழி வெட்டினான். மாரிக்கு மண் இறங்கியது. நாய் கிண்டிவிடும் என்று, கோயில் வேலையில் உடைந்து மிஞ்சிய கல்லைக் கொண்டுபோய் மேலே அடுக்கினான். கோயில் கல்லைக் கண்ட இடத்திலும் போடக்கூடாது என்று கொலின்ஸ் ஆள் அனுப்பி அதையும் எடுப்பித்தார்.

இரண்டாவது பெண். தக்சாயினி என்று தாய் பெயர் வைத்தாள். தவழ்கிற வயது. பனி விழுந்தால் பிள்ளைக்கு நெஞ்சு இழுக்கும். அந்தச் சத்தம் கேட்கிறபோதெல்லாம் ஜஸ்ரினுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வருவதில்லை, அந்த மதில்தான் ஞாபகம் வரும். இந்தப் பிள்ளைக்குத் தண்ணி ஊற்றுவிக்க வேண்டும். கோயில் திறக்கிற அன்றைக்குப் புதுத் தொட்டியில், ஊர் பார்க்க. வேறு ஒன்றும் அவனுக்கு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் வந்து போகிற இளம் பாதரிடம் போய்க் கேட்டான். பிள்ளைக்கு ஒரு தடையும் இல்லை, ஞானத்தகப்பனாய் நிற்க ஒரு ஆளைக் கொண்டுவா என்று அவர் சொன்னார். ஜஸ்ரின் வீடு வீடாய்ப் போனான். ஒருவரும் நிற்கவில்லை. சொந்தத் தமக்கையே, அத்தானுக்கு விருப்பமில்லையடா என்று கதவைப் பாதி சாத்திக்கொண்டு சொன்னாள். ஊர் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தது: முதலில் வாசல் முழந்தாள்.

அது அந்த ஊர் வழக்கம். களவாய்க் கூடிப் போனவர்கள் திரும்பி ஊரோடு சேர வேண்டுமென்றால், ஒரு ஞாயிறு, பூசை தொடங்கி முடியும்வரை கோயில் வெளிவாசல் படியில் இரண்டு பேரும் முழந்தாளில் நிற்க வேண்டும். போகிற சனமும் வருகிற சனமும் அவர்களைச் சுற்றித்தான் போய் வரும். பூசை முடிந்து மூப்பர் வந்து தோளில் தொட்டு எழுப்பினால் சரி. பாதரிடம் கேட்டால், நான் அப்படி ஒன்றும் கேட்கவில்லையே என்பார். அவர் கேட்கவில்லைத்தான். வேண்டாமென்றும் சொன்னதில்லை.

கொலின்ஸ் மீனுக்கு ஐஸ் போடுகிற வாடி வைத்திருக்கிற ஆள். அதிர்ந்து கதைக்க மாட்டார். ஒருநாள் சாரத்தின் கீழே வந்து நின்று, தானே ஞானத்தகப்பனாய் நிற்கிறேன் என்றார். இரண்டு பேரும் ஒரு ஞாயிறு நின்றால் போதும். வேறு பங்குக் கோயிலில் ஆள் பிடிக்கிற யோசனை இருந்தால் அதை விட்டுவிடச் சொன்னார். வெளி ஆளை வைத்துத் தண்ணி ஊற்றுவித்தால் பிறகு செத்தால் மதிலுக்கு வெளியிலேயே தாழ்க்கவும் வேண்டி வரும் என்றார். சொல்லிவிட்டு, அன்றைக்கு ஏறின கல்லெல்லாம் வடிவாய் இருக்கிறது என்றும் சொன்னார்.

ஜஸ்ரின் வீட்டுக்கு வந்து சொன்னபோது நிவேதனா பிள்ளைக்குச் சோறு குழைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் அவையின்ரை கோயிலிலை என்னத்தைக் களவெடுத்தனான்?" என்றாள். "என்ரை பிள்ளையை ஆட்டுப் புழுக்கைக்குள்ளை தாழ்க்க விட்ட ஆக்களுக்கு முன்னாலை நான் முழந்தாளிலை நிக்கிறதோ? நீங்கள் நில்லுங்கோ. நான் மாட்டன்."

அவன் கெஞ்சினான். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். பிறகு கதைக்காமல் இருந்தான். அதுவரைக்கும் அவளை நீர் என்று கூப்பிட்டவன், நீ என்று கூப்பிடத் தொடங்கினான்.

முகப்பின் சரிவுகளுக்கு மூடுகல் வைத்து முடித்த மறுநாள், ரொறன்ரோக்காரரின் மாபிள் கல் வந்தது. கறுப்பு மாபிளில் பொன் எழுத்து. ஒரு குடும்பத்தில் எல்லோருடைய பெயரும் இருந்ததால் ஆள் நீளத்துக்கு இருந்தது. அதை றோட்டுப் பக்கத்து முழந்தாள்கல்லின் முகத்தில், போகிற பஸ்ஸிலிருந்தே வாசிக்கக்கூடியதாய்ப் பதிக்க வேண்டுமாம். கல்லின் மூக்கு இடித்தது. மூக்கை அரிந்து எடுக்கச் சொன்னார் கொலின்ஸ்.

"மூப்பர், உந்த மூக்கை எடுத்தால் மேலை கிடக்கிறதெல்லாம் வழுக்கும்" என்றான் ஜஸ்ரின். "சாந்து இன்னும் பச்சை. இறுகின பிறகு பாப்பம்."

அண்ணை அங்கே விடியக்காலையில் எழும்பிப் போட்டோவுக்குக் காத்துக்கொண்டிருப்பார் என்றார் கொலின்ஸ். வெட்டப் பயமென்றால் வேறு ஆளைப் பார்க்கலாம் என்றார். பிறகு குரலை இறக்கி, "பெண்சாதி என்ன சொல்லுறாள்? நிக்கிறாளோ? நான் சட்டைத்துணியும் எடுத்து வைச்சிட்டன், பிள்ளைக்கு" என்று கேட்டார்.

ஜஸ்ரின் கிரைண்டரை எடுத்தான்.

கூட வேலை செய்த சுன்னாகத்து மேசன் நமசிவாயம் மற்றச் சரிவில் நின்றார். வயது போனவர், நாக்கில் எப்போதும் நக்கல். "டேய் வெளிவாசல், எங்கடை கோயிலிலை நாங்கள் நிலத்திலை விழுந்து புரளுறம், சாமி பேசாமல் பாத்துக்கொண்டு நிக்கும். உங்கடை கோயிலிலை சாமி பேசாமல் இருக்கும், மூப்பர்தான் பாத்துக்கொண்டு நிப்பார்" என்றார். சாரத்தில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ஜஸ்ரினும் சிரித்துக்கொண்டுதான் வெட்டினான். வெட்டவேண்டாம் என்று நமசிவாயமும் சொல்லவில்லை. தான் நின்ற பக்கத்தில் இருந்து ஒரு எட்டுப் பின்னால் மட்டும் போனார்.

மூக்கு விழுந்த கையோடு முதல் மூடுகல் நகர்ந்தது. சத்தமே இல்லை, ஈரச் சாந்தில் வழுக்கிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் மற்றது, அதற்குப் பின்னால் மற்றது. ஜஸ்ரின் தள்ளி நின்றிருக்கலாம். மாபிளைச் சாரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் விழுந்தால் கொலின்ஸ் பிறகு பிள்ளைக்கு நிற்க மாட்டார் என்று அவன் காலைக் குறுக்கே வைத்தான். கல்லுக்கும் சாரக் கம்புக்கும் நடுவில் அவனுடைய வலது முழந்தாள் அகப்பட்டது. மாபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் முழந்தாள் சில்லைத் துண்டு துண்டாய் எடுத்தார்கள். கால் மிஞ்சியது. ஆனால் இனி மடங்காது, உலக்கை மாதிரி நீட்டிக்கொண்டுதான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் வீட்டுக்கு வருமுன்னமே ஊருக்குள் கதை வந்துவிட்டது. குடிவெறியில் நின்று வேலை செய்திருக்கிறான் என்று ஒரு கதை. அதைவிட நன்றாய் எடுபட்டது மற்றக் கதை: வாசலில் முழந்தாள் போடாமல் ஆண்டவரின் வீட்டுக்கு மேலே ஏறினவன், ஆண்டவர் அந்த முழந்தாளையே எடுத்துப்போட்டார். மீன் ஏலம் போடுகிற இடத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதைக் கேட்டு நல்ல பகிடி என்று மெச்சினவர்களில் ஜஸ்ரினின் அத்தானும் ஒருவர்.

மிச்ச முகப்பு வேலை நமசிவாயத்தின் கைக்கு வந்தது. வெட்டிய கல்லுக்குக் கீழே இரும்புக் கொளுவி வைத்து, மூடுகற்களைத் திரும்ப ஏற்றி, மாபிளைப் பதித்துவிட்டார். போட்டோ போனது. கொலின்ஸ் ஒரு பெட்டி சோடாவோடு ஜஸ்ரினைப் பார்க்க வந்தார். கல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. திறப்பு விழாவுக்கு ஆயர் ஆண்டகை வருகிற நாள் குறித்தாகிவிட்டது, அதற்கு முந்தின ஞாயிறுதான் மிச்சம் என்றார்.

"உனக்கு இனி முழந்தாளிலை நிக்க ஏலாதுதானே. அதுக்கென்ன. இரண்டு பேருக்கும் சேத்து அவள் நிக்கட்டும். நான் ஊருக்குச் சொல்லுறன்."

அவர் போனபிறகு நிவேதனா சோடாப் பெட்டியைத் தூக்கிக் கிணற்றடியில் வைத்துவிட்டு வந்தாள். ஜஸ்ரின் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அன்றைக்குப் பின்னேரம் பிள்ளைக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. அவள் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"போய் நில்லு" என்றான்.

அவள் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"கேக்குதே உந்த இழுவை? முந்தினதை நான்தான் வெட்டித் தாட்டனான். நீ பாக்கேல்லை, நீ ஆஸ்பத்திரியிலை கிடந்தனி. இதையும் நான் அங்கை கொண்டுபோக மாட்டன். இந்தக் காலோடை எனக்குக் குழி வெட்டவும் ஏலாது. போய் நில்லு."

அதைச் சொல்லி அவளை வென்றுவிட்டான்.

அந்த ஞாயிறு அவள் போனாள். வாசல்படிக்குச் சீமெந்து பூசியவனும் ஜஸ்ரின்தான். மழைக்குச் சனம் வழுக்கக் கூடாது என்று, ஈரத்தோடு ஈர்க்குமாறால் கீறி விட்டிருந்தான். காய்ந்து அரம் மாதிரி இருந்தது. நிவேதனா அதில் முழந்தாளிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஓட்டோவில் கொண்டுவந்து ஜஸ்ரினைக் கோயில் வளவின் படலையடியில் நிறுத்தியிருந்தார்கள். நீட்டின கால் ஓட்டோவுக்கு வெளியே தெரிந்தது. கூரை போட்ட நாளில் இருந்து, திறக்கு முன்னமே, பூசை உள்ளேதான் நடந்தது. எழும்புகிற நேரம் எழும்பி, முழந்தாளிடுகிற நேரம் சனம் சிவப்புப் பஞ்சில் முழந்தாளிட்டது. பிந்தி வந்த ஒருத்தி, செருப்பைக் கழற்றி நிவேதனாவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். பிள்ளை அழுதது. பிறகு அவள் தோளில் நித்திரையாகியது. வெயில் படிக்கு வந்தது.

பூசை முடிந்து பாதர் உடுப்பு மாற்றுகிற அறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. சனம் வந்தது. இரண்டு பக்கமும் பிரிந்து இறங்கி, போகாமல் வளவுக்குள் நின்றது. கடைசியாய்க் கொலின்ஸ், வெள்ளைச் சேட், பெண்சாதியோடு. நிவேதனாவின் தோளில் கை வைத்தார்.

"எழும்பு பிள்ளை."

அவள் எழும்பவில்லை.

"எழும்புறன்" என்றாள். எல்லோருக்கும் கேட்டது. "முதல் நீங்கள் ஒண்டு சொல்லுங்கோ. அந்தக் கல்லின்ரை மூக்கை வெட்டச் சொன்னது ஆர்? அவர் வெறியிலை நிண்டவரோ? சொல்லுங்கோ, எழும்புறன்."

கொலின்ஸின் கை அவளுடைய தோளிலேயே இருந்தது. நமசிவாயம் மாமரத்துக்குக் கீழே நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தடவி முடிந்த வெற்றிலைக்குத் திரும்பவும் தடவினார். கொலின்ஸ் கோபப்படவில்லை. படலைப் பக்கம் திரும்பினார்.

"தம்பி ஜஸ்ரின், உன்ரை பெண்சாதி கேக்கிறாள். நீயே சொல்லு. நான் சொன்னனோ?" என்று கேட்டுவிட்டு, நித்திரையாய் இருந்த பிள்ளையின் தலையை மற்றக் கையால் மெல்லத் தடவினார்.

சனம் ஓட்டோவைப் பார்த்தது. நிவேதனாவும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் அப்போது கோபமில்லை. அவன் இப்போது சொல்லிவிடுவான் என்ற நம்பிக்கை இருந்தது.

"இல்லை" என்றான் ஜஸ்ரின். "மூப்பர் சொல்லேல்லை. நான்தான் பிழையா வெட்டினனான்."

பிறகு அதோடு நிற்காமல், "கொஞ்சம் குடிச்சும் இருந்தனான்" என்றான். அதை மூப்பர் கேட்கவில்லை, தானாய்ச் சொன்னான்.

யாரோ ஒருத்தி மூக்கால் சிரித்தாள். கொலின்ஸ் நிவேதனாவைக் கையில் பிடித்துத் தூக்கிவிட்டார். அவளால் உடனே நிற்க முடியவில்லை. பாவாடையில் முழந்தாளுக்கு நேரே இரண்டு இடத்தில் இரத்தம் வரிவரியாய் ஊறியிருந்தது, ஈர்க்குமாறு கீறின வரி. படலைக்கு நடந்து வந்து, ஓட்டோவில் ஏறாமல், அதைத் தாண்டி வீட்டுக்கு நடந்தாள்.

கோயில் திறந்த அன்று ஊர் முழுவதும் வந்தது. ஆண்டகைக்குப் பூரண கும்பம் வைத்து, பாண்ட் அடித்து, கொடி கட்டி. ஜஸ்ரின் நல்ல சேட் போட்டு, தடி ஊன்றி, பூசைக்கென்று முதன்முதலாய் அந்த வாசல்படியைத் தாண்டி உள்ளே போனான். பின்வரிசை வாங்கில் இருக்கப் பார்த்தான். இருக்க முடியவில்லை. முன்னால் இருந்த முழந்தாள் பலகை அவனுடைய காலுக்கு இடம் விடவில்லை. காலை நீட்டவும் ஏலாது, மடக்கவும் ஏலாது. திரும்பி இருந்து காலை நடைபாதைக்குள் நீட்டினான். ஆண்டகையின் பவனி அதாலேதான் வர வேண்டும். பூக்கூடையோடு வந்த ஒரு பெட்டை காலில் தடக்கினாள்.

கொலின்ஸ் குனிந்து வந்து காதுக்குள் சொன்னார்: "தம்பி, வெளியிலை இருந்தால் உனக்கும் வசதி." இரண்டு பேர் அவனைத் தாங்கி வெளியே கொண்டுபோனார்கள். ஒருவன் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைப் படியில் போட்டான். ஒரு கிழமைக்கு முதல் நிவேதனா நின்ற இடம். அங்கிருந்து தொட்டி தெரியாது. அண்ணாந்தால் மாபிள் தெரியும்; பொன் எழுத்தை அவன் வாசித்தான், வாசித்து முடிய இன்னொருமுறை வாசித்தான்.

உள்ளே பிள்ளையின் பெயரைக் கேட்டார்கள். கொலின்ஸின் குரல், "திரேசா" என்றது. அவருடைய தாயின் பெயர். தக்சாயினி என்று ஒருவரும் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பிள்ளை வீரிட்டுக் கத்தியது. ஜஸ்ரின் கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான். தண்ணி பட்டுத்தான் கத்துகிறது என்று நினைத்தான். ஆனால் காணாமல் எப்படி நிச்சயமாய்ச் சொல்வது.

பூசை முடிந்து சனம் வர முதல் நிவேதனா பிள்ளையோடு தனிய வெளியே வந்தாள். கொலின்ஸ் எடுத்துக்கொடுத்த வெள்ளைச் சட்டை பிள்ளைக்குப் பெரிதாய் இருந்தது. தலை ஈரம். அவள் நடந்த நடையில் முழந்தாள் இன்னும் ஆறவில்லை என்று தெரிந்தது. தோளில் துணிப்பை ஒன்று. அது காலையில் வீட்டில் இருந்து வரும்போதே இருந்தது, அவன்தான் கவனிக்கவில்லை.

கதிரைக்குப் பக்கத்தில் வந்தபோது அவன் தலையை நிமிர்த்தினான்.

"தண்ணி ஊத்தினவையோ?"

"ஊத்தினவை" என்றாள். நிற்காமலே சொன்னாள். "இனிச் செத்தால் மதிலுக்கு உள்ளுக்கையே தாழ்க்கலாம். சந்தோசமா இரு."

அவள் அவனை நீ என்றது அதுதான் முதல்தரம். படியிறங்கி, படலை தாண்டி, றோட்டில் பஸ் நிற்கிற பக்கம் திரும்பினாள். ஜஸ்ரின் தடியைத் தேடினான். அது கதிரைக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. குனிய ஏலாது. பாண்ட் அடிக்கத் தொடங்கியது, சனம் வாசலால் தள்ளிக்கொண்டு வந்தது.

வளவின் நடுவில் கமராக்காரன் நின்று கையை ஆட்டினான். முகப்பு முழுவதும் மாபிளோடு சேர்ந்து விழ வேண்டும், ரொறன்ரோவுக்குப் போகிற படம். வாசலில் ஆண்டகையும் கொலின்ஸ் குடும்பமும் வந்து நின்றார்கள்.

"அந்தக் கதிரையிலை இருக்கிற ஆள்" என்று கமராக்காரன் கூப்பிட்டான், "கொஞ்சம் அரக்குங்கோ, கால் படத்துக்குள்ளை வருது."

அவனால் அரக்கி நகர முடியவில்லை. நமசிவாயம் வந்து, கதிரையை ஆளோடு பின்பக்கமாய்ச் சாய்த்து, இழுத்துப் போனார்.